அப்பாவின் செவ்வாய்க்கிழமைக் கண்கள்

8 ஜூலை 2025, செவ்வாய்

இன்று அப்பாவின் கண் இமை முடியை அளந்தேன். ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால். பன்னிரண்டு மில்லிமீட்டர்! என்னுடையது எட்டு. என் தோழி காவ்யாவுடையதும் எட்டுதான், ஆனால் ஒன்பது என்று எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு லீவு. அதனால் அப்பா காலை ஏழு மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு, அசையாமல் அளக்க விட்டார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பத்தாவது படிக்கிற புள்ளைக பரிச்சைக்குப் படிக்கும். இது அப்பன் கண்ணு மசுர அளந்துக்கிட்டு நிக்கிது" என்றாள்.

காரணம் சொட்டு மருந்து. போன வருடம் அப்பாவுக்குக் கிளாக்கோமா என்று கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். வலி இல்லை. முதலில் ஓரப் பார்வை போகும், போனது திரும்பி வராது. அதை நிறுத்தி வைக்க தினமும் இரவு ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சொட்டு, ஆயுள் முழுக்க. அந்த மருந்துக்கு இமை முடியை வளர்க்கும் குணமும் உண்டாம்! முடி வெட்டுகிறவர் கண்ணில் முடி வளர்க்கும் மருந்து! இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. காவ்யாவிடம் சொன்னேன். அவளுக்கும் அந்த மருந்து வேண்டுமாம்.

ஆனால் கண் சிவப்பு. இன்று ரொம்ப. வரமிளகாய்ச் சிவப்பு. மண் விழுந்தது மாதிரி உறுத்துகிறது என்று ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

செப்டம்பர் அறிவியல் கண்காட்சிக்கு என் தலைப்பு கிடைத்துவிட்டது. தினமும் காலையில் அப்பாவின் கண்ணுக்கு மார்க். பூஜ்யம் என்றால் வெள்ளை, ஐந்து என்றால் மிளகாய். இன்று ஐந்து.

9 ஜூலை, புதன்

நான்கு.

11 ஜூலை, வெள்ளி

ஒன்று. "என்ன டாக்டரம்மா, நான் பாஸா ஃபெயிலா?" என்று கேட்டுவிட்டு, இடது பக்கம் இருந்த தண்ணீர்க் குடத்தில் இடித்துக்கொண்டார். அந்தக் குடம் நான் பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

22 ஜூலை, செவ்வாய்

இன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவோடு புதுக்கோட்டை கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இலுப்பூரிலிருந்து அன்னவாசல் வழியாக பஸ். ஜன்னல் சீட். எதை முதலில் எழுதுவது?

நட்சத்திரம். முதலில் அதைத்தான் எழுத வேண்டும்.

டாக்டர் ஹேமா அப்பாவின் கண்ணில் ஒரு ஆரஞ்சுத் தாளைத் தொட்டு வைத்தார். கண்ணீர் மஞ்சளாகி, கன்னத்தில் வழிந்து, அப்பா மஞ்சத்தண்ணி ஊற்றின ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு நீல விளக்கு. பக்கத்துத் திரையில் அப்பாவின் கருவிழி வட்டம், இந்தப் பெரிய தாம்பாளம் அளவு. அதில் நட்சத்திரம் மாதிரி பச்சைப் பச்சையாகப் புள்ளிகள். நூறு இருக்கும், இருநூறு இருக்கும். "ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு!" என்று கத்திவிட்டேன்.

"அழகுதான். ஆனா ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்னப் புண்ணு பாப்பா" என்றார் டாக்டர்.



அவர் நல்லவர். கேள்வி கேட்டால் கோபம் வருவதில்லை. கண்ணின் மேல் எப்போதும் ஒரு கண்ணீர்ப் படலம் இருக்கிறது. மேலே எண்ணெய், நடுவில் தண்ணீர், அடியில் வழவழப்பு. வழவழப்பைச் சுரக்கிற செல்கள் கோப்பை வடிவத்தில் இருக்குமாம். கோப்பைச் செல்! சொட்டு மருந்து கெடாமல் இருக்க அதில் ஒரு பொருள் சேர்க்கிறார்கள். அது கிருமியைக் கொல்லும், கூடவே எண்ணெயைக் கலைக்கும், கோப்பைகளைக் குறைக்கும், கருவிழியின் மேல்தோலைச் சுடும். எல்லாருக்கும் இவ்வளவு சுடாது. "ஒரு சொட்டுக்கு இவ்ளோ ஆகக் கூடாதே" என்று டாக்டரே இரண்டு முறை சொன்னார்.

அடுத்து ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். எங்கே வெளிச்சப் புள்ளி தெரிந்தாலும் பட்டனை அழுத்த வேண்டும். தெரியாத இடம் தாளில் கருப்பாக வரும். வந்த தாளில் மூக்குப் பக்கம் கருப்பு, போன வருடத் தாளைவிட அதிகம்.

"பிரஷர் பதினாறு, பதினேழு. நல்லாத்தான் இருக்கு. போன தடவையும் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஏன் பார்வை குறைஞ்சுக்கிட்டே போகுது? அய்யா, மருந்து தெனம் போடுறீங்கல்ல?"

"ஒரு சொட்டு கொறைக்கிறதில்லீங்க."

டிசம்பரில் திரும்பவும் இந்தக் கிண்ணப் பரிசோதனை. அப்போதும் கருப்பு கூடியிருந்தால் ஆபரேஷன். ஆனால் மேல்தோல் இப்படி அழற்சியாக இருக்கும்போது ஆபரேஷன் செய்தால், நீர் வடிய அவர்கள் போடுகிற வழி தழும்பாகி அடைத்துக்கொள்ளலாமாம். செய்யாவிட்டால் பார்வை போகும். செய்தால் பலிக்காமல் போகலாம். பஸ்ஸில் வரும்போது அப்பா எனக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தந்தார். சாப்பிட்டேன். 

23 ஜூலை, புதன்

அந்தப் பொருளின் பெயரை மருந்து அட்டைக்குள் இருந்த தாளில் கண்டுபிடித்துவிட்டேன்! பென்சால்கோனியம் குளோரைடு. எழுத்து அவ்வளவு பொடி, நூலகர் அக்காவின் பூதக்கண்ணாடியைக் கடன் வாங்கித்தான் படித்தேன். காவ்யாவும் நானும் பள்ளியிலிருந்து வீடு வரை அதைச் சொல்லிக்கொண்டே குதித்து வந்தோம். பென்-சால்-கோ-னியம்-குளோ-ரைடு! ஏழாவது தரம் சொல்லும்போது காவ்யா சாக்கடைக்குள் காலை விட்டாள்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

வரைபடம் போட்டேன். கீழே நாள், பக்கவாட்டில் மார்க். நாலு வாரம். புள்ளிகளைச் சேர்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

கோபுரம், பள்ளம், கோபுரம், பள்ளம். நான்கு கோபுரங்கள், நான்கும் செவ்வாய். புதன் கொஞ்சம் இறக்கம், வியாழன் இன்னும், வெள்ளி சனி ஞாயிறு திங்கள் கிட்டத்தட்ட வெள்ளை.

மருந்து தினமும் ஒரே அளவு என்றால் சிவப்பும் தினமும் ஒரே அளவு இருக்க வேண்டாமா? அப்படியானால் திங்கட்கிழமை என்ன நடக்கிறது? காவ்யா சொல்கிறாள் ஹேர் டை வாடை. சனி ஞாயிறில்தானே டை அடிக்கிற கூட்டம்? அம்மா சொல்கிறாள் சூடு, விளக்கெண்ணெய் வைக்கணும். எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் சந்தோஷத்தில்! எனக்கென்று ஒரு புதிர்!

4 ஆகஸ்ட், திங்கள்

புதிர் முடிந்தது. சந்தோஷமாக இல்லை.

ராத்திரி ஏழரை மணிக்குத் தேங்காய் வாங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். சலூன் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தால், ஆள் உட்காருகிற நாற்காலியில் அப்பாவே சாய்ந்து கிடக்கிறார். கழுத்தில் துண்டு. மருந்துப் பாட்டிலைக் கண்ணுக்கு மேல் பிடித்து, "ஒண்ணு… ரெண்டு… மூணு…"

ஏழு. வலது கண் முடிந்து இடது. அதிலும் ஏழு.

"அப்பா! என்ன பண்றீங்க?"

துள்ளி எழுந்தார். மருந்து தாடை வரை வழிந்தது. "மருந்து போடுறேன் ஆத்தா."

"ஏழு சொட்டா?"

"ஆமா. நாளைக்கு ஒண்ணு, வாரத்துக்கு ஏழு. கணக்கு சரியாத்தானே இருக்கு?"

கணக்கு சரிதான்! பாட்டில்கூட மாதம் ஒன்று சரியாகத்தான் தீர்கிறது! அதனால்தானே யாருக்கும் தெரியவில்லை! கையில் இருந்த தேங்காயை அவர் மேல் எறியலாமா என்று இருந்தது. "யார்ப்பா ஒங்களுக்கு இப்டிச் சொன்னா? டாக்டர் சொன்னாங்களா? கண்ணு என்ன உண்டியலா, ஒரே நாள்ல போட்டுட்டு வாரம் பூரா எடுத்துக்க?" என்று கத்தினேன். பக்கத்து டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அப்பா ஷட்டரை இன்னும் ஒரு அடி இறக்கினார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். தினமும் போட்டால் தினமும் கண் சிவக்கிறது. சவரம் செய்யும்போது ஆளின் முகத்துக்கும் நம் முகத்துக்கும் ஒரு சாண்தான். கண்ணாடியில் வேறு தெரியும். போன பங்குனியில் ஆவுடையப்பன் பெரியப்பா, நெல் மண்டிக்காரர், காவ்யாவுக்குச் சொந்தப் பெரியப்பா, பாதி சவரத்தில் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்துவிட்டார். "ஏய் முத்துராசு, மெட்ராஸ் ஐ-யா? இல்ல, ஏத்திக்கிட்டு வந்திருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே, சோப்பு நுரையோடு எழுந்து போய்விட்டாராம். அப்பா இது வரை ஒரு சொட்டு குடித்ததில்லை. அப்புறம் ஒரு வாரம் கடையில் ஈதான் உட்கார்ந்தது.

"திங்கக்கெழம ராத்திரி போட்டா, செவ்வாக்கெழம வீட்ல கெடந்து ஆத்திக்கலாம். வியாழனுக்கு வெள்ள ஆயிரும். கையில கத்தி வச்சிருக்கவன் கண்ணு செவப்பா இருந்தா எவன் ஆத்தா கழுத்த நீட்டுவான்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"டாக்டரம்மாகிட்ட சொல்லிராத தாயி. அம்மாகிட்டயும்."

சரி என்றேன். ஏன் சரி என்றேன்? நாளையிலிருந்து தினமும் ஒன்று போடுகிறேன் என்று என் தலையில் கை வைத்தார். அதனால்தான்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

ஐந்து.

பெரியப்பாவின் பாதி சவரக் கதையின் மீதியைக் காவ்யா சொன்னாள். ஒரு பக்கம் மீசை இருக்க, மறுபக்கம் இல்லாமல், எங்கள் சலூன் துண்டோடு பெரிய கடைத்தெரு முழுக்க நடந்து வீட்டுக்குப் போனாராம். பெரியம்மா கதவைத் திறக்கவில்லையாம், யாரோ என்று. நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு அந்தப் பெரியப்பா மேலேயே கோபம் வந்தது, சிரித்ததற்கு என் மேலேயும்.

7 ஆகஸ்ட், வியாழன்

"அப்பா, நேத்துப் போட்டீங்களா?"

"போட்டேன் ஆத்தா."

மார்க்: ஒன்று. சுத்தமான, பளிச்சென்ற, பொய் சொல்கிற வெள்ளை.

மத்தியானம் கணக்கு வகுப்பில் திடீரென்று விளங்கியது. சலூனுக்கு லீவு செவ்வாய். ஆஸ்பத்திரிக்குப் போவதும் செவ்வாய். எப்போதும் செவ்வாய்! முந்தின ராத்திரி ஏழு சொட்டு போட்ட கண்ணைத்தான் டாக்டர் ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறார். அதனால்தான் பிரஷர் நன்றாக இருக்கிறது, சிவப்பு மோசமாக இருக்கிறது, பார்வை குறைகிறது. அவர் அப்பாவின் வெள்ளிக்கிழமைக் கண்ணைப் பார்த்ததே இல்லை. சனி, ஞாயிறு, திங்கள் கண்ணையும். எழுந்து "மேடம்!" என்று கத்திவிட்டேன். மேடம் முக்கோணவியலில் எனக்குச் சந்தேகம் என்று நினைத்து, முதலிலிருந்து நடத்தினார்.

மருந்தே இல்லாத கண்ணை வைத்துக்கொண்டு, இந்த மருந்து போதவில்லை என்று ஆபரேஷன் செய்யப் போகிறார்கள்.

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை உடைத்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்தினாள். வரைபடத்தை வாங்கி, மாவுக் கையால் ஒவ்வொரு கோபுரமாகத் தொட்டுப் பார்த்தாள்.

9 ஆகஸ்ட், இரண்டாம் சனி

காலை ஆறரைக்கு அப்பா கிளம்பும்போது கடைச் சாவி ஆணியில் இல்லை. அம்மாவின் இடுப்பில் இருந்தது.

"சாவியக் குடு அமுதவல்லி. சனிக்கெழம, ஆளுக வந்து நிக்கும்."

"நிக்கட்டும். ஆடி மாசம் எவன் வீட்ல கலியாணம்? நீங்க பொதுக்கோட்டைக்குக் கெளம்புங்க."

"செவ்வாக்கெழம போறேன்."

"செவ்வாக்கெழமக் கண்ணு அந்தம்மா நெறையப் பாத்துருச்சு. இன்னைக்கு இந்தக் கண்ணப் பாக்கட்டும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மூன்று பேரும் கிளம்பினோம். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அப்பா எனக்குக் கொடுக்கவில்லை.

பிரஷர்: இருபத்தெட்டு, முப்பது.

டாக்டர் மறுபடி பார்த்தார். மறுபடியும் அதேதான். நான் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து மேசை மேல் வைத்தேன். கோபுரங்களை விரலால் காட்டி, திங்கட்கிழமை மட்டும் ஏழு சொட்டு என்றேன். டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம்—சிரித்தார்! நிஜமாக, தோள் குலுங்க.

"ஏன்யா, ஏழு நாள் சோத்த திங்கக்கெழமயே சாப்பிட்டுருவீங்களா?"

"கலியாண வீடுன்னா முயற்சி பண்ணலாங்க" என்றார் அப்பா. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

பிறகு டாக்டர் சிரிக்காமல் பேசினார். கூடுதலாகப் போடுகிற சொட்டு கண்ணுக்குள் சேமிப்பாக இருக்காது. கன்னத்தில்தான் வழியும். ஆனால் அந்தக் கெடாப்பொருள் ஏழு மடங்கு மேல்தோலைச் சுடும். மீதி ஆறு நாளும் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்னும். "வெளியேயும் புண்ணு, உள்ளேயும் நஷ்டம். ரெண்டு பக்கமும் தோத்துட்டு இருந்திருக்கீங்க."

அப்பா தலை குனிந்து, "செவப்பு இருந்தா தொழில் இல்லீங்கம்மா" என்றார். இதை அவர் பங்குனியிலேயே சொல்லியிருந்தால்! டாக்டரும் அதையேதான் சொன்னார்: "இத மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேய்யா."

புது மருந்து எழுதினார். அதே மருந்துதான், பென்சால்கோனியம் இல்லாமல். (நான் அந்தப் பெயரைச் சொன்னதும் டாக்டரின் புருவம் மேலே போனது! போனது!) குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் குப்பிகள். ஒரு நாளைக்கு ஒன்று. திறந்தால் அன்றே தூக்கிப் போட வேண்டும். இரவு எட்டு மணிக்கு ஒரு சொட்டு, கண்ணை மூடி, மூக்கோரம் விரலை வைத்து இரண்டு நிமிடம். சிவப்பு முழுக்கப் போகாது, ஆனால் நிறையக் குறையும். ஆபரேஷனை டிசம்பர் பரிசோதனை பார்த்து முடிவு செய்யலாம்.

திரும்பும்போது அன்னவாசலில் ஒரு பாட்டி இறங்க, ஜன்னல் சீட் காலியானது. அப்பா தள்ளி உட்கார்ந்து, "இங்கிட்டு வா" என்றார்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

மூன்று, மூன்று, மூன்று, மூன்று. ஒரு வாரமாக. வரைபடத்தில் கோபுரம் இல்லை, மேசை மாதிரி இருக்கிறது. ஆனால் தினமும் மூன்று என்றால் தினமும் கடையில் சிவந்த கண். இன்று ஞாயிறு, நாலே பேர்தான் வந்தார்களாம். ஆனாலும் அப்பா எட்டு மணிக்குப் போட்டார், நான் பார்த்தேன்.

2 செப்டம்பர், செவ்வாய்

இரண்டு! செவ்வாய்க்கிழமை இரண்டு! காவ்யா வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். செருப்பு போட மறந்துவிட்டேன்.

12 செப்டம்பர், வெள்ளி

கண்காட்சி. எனக்குப் பரிசு இல்லை. காற்றாலை செய்த பையனுக்கு முதல் பரிசு, அது ஃபேன் போட்டால்தான் சுற்றியது. நடுவர் என் வரைபடத்தைப் பார்த்து, "எத்தனை நோயாளிகளை ஆய்வு செய்தாய்?" என்று கேட்டார்.

"ஒருத்தர், சார்."

"ஒரே ஒருத்தரா?"

"எங்கள் வீட்டில் ஒரு அப்பாதான் சார் இருக்கிறார்."

சிரித்தார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. மதியம் அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்து, என் சார்ட்டுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றார். யாராவது படித்தால், "அது நான்தாங்க" என்றார்.

18 அக்டோபர், சனி

நாளை மறுநாள் தீபாவளி. சலூனில் நிற்க இடமில்லை. டீ கொண்டுபோய்க் கொடுக்கப் போனால், ஆவுடையப்பன் பெரியப்பா நாற்காலியில்! ஏழு மாதம் கழித்து! அப்பாவின் கண்ணை ரொம்பக் கிட்டத்திலிருந்து பார்த்தார்.

"லேசாச் செவப்பு இருக்கே முத்துராசு."

"இருக்கும்ணே. மருந்து போடுறேன். போடலேன்னா கண்ணு போயிரும்." எல்லோர் முன்னாலும் அப்பா இதைச் சொல்லி இன்றுதான் கேட்கிறேன். கடையே கேட்டது. கத்தரி நின்றது, பிறகு மறுபடி ஓடியது.

பெரியப்பா கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "இது எல்லாருக்கும் வருமா?"

"நாற்பது வயசு தாண்டினால் ஒரு தரம் பார்த்துக்கணும் பெரியப்பா" என்று நான் வாசலிலிருந்து ஒப்பித்தேன். "வலிக்காது. தெரியாது. ஓரத்திலிருந்து போகும்."

"இந்தா, சவரம் பண்ண வந்தவன பயமுறுத்துது பாரு ஒம் மக!" என்றார். ஆனால் ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டார்.

3 டிசம்பர், புதன்

நாளை கிண்ணப் பரிசோதனை. படிக்க முடியவில்லை. அரையாண்டுத் தேர்வு வேறு வருகிறது. இன்று மார்க்: ஒன்று. நேற்றும் ஒன்று. ஆனால் உள்ளே இருக்கிற நரம்புக்கு நான் மார்க் போட முடியாதே.

4 டிசம்பர், வியாழன்

அப்பா வியாழக்கிழமை கடையைச் சாத்தினார். அவராகவே. ஷட்டரில் சாக்பீஸால், "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன்" என்று எழுதினார்.

இருட்டறைக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே அப்பா பட்டன் அழுத்துகிற சத்தத்தைக் கேட்டேன். டிக். டிக். பெரிய இடைவெளி. அம்மா என் கையைப் பிடித்தாள். டிக்.

இரண்டு தாளையும் டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூக்குப் பக்கக் கருப்பு அப்படியே இருந்தது. குறையவில்லை, குறையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கட்டம்கூடக் கூடவில்லை! பிரஷர் பதினைந்து, பதினாறு—ஒரு வியாழக்கிழமையில்! நீல விளக்கில் பச்சைப் புள்ளிகள் இங்கொன்றும் அங்கொன்றும்தான். எண்ணினேன், பதினொன்று.

"இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். இப்படியே போடுங்க. நாலு மாசத்துல வாங்க."

அம்மா பஸ் ஸ்டாண்டில் எனக்கும் அப்பாவுக்கும் தனக்கும் ரோஸ் மில்க் வாங்கினாள். மார்கழியே வரப்போகிற குளிரில்! எனக்கு இன்னும் பறப்பது மாதிரியே இருக்கிறது.

6 டிசம்பர், சனி

நாளை முகூர்த்தம். அப்பாவுக்கு ராத்திரிச் சாப்பாடு கொண்டு போனேன். கடை நிறைய மாப்பிள்ளை வீட்டு ஆட்கள், குடுமியான்மலைப் பக்கம். மாப்பிள்ளையின் முகத்தில் சோப்பு போட்டாகிவிட்டது. சுவரில் மணி எட்டு.

அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவினார்.

"அண்ணே, என்னண்ணே? மண்டபத்துக்கு நேரமாச்சு" என்றான் தோழன்.

"ரெண்டே நிமிசம் தம்பி. என் கண்ணு மருந்து நேரம்."

பக்கத்து நாற்காலியில் சாய்ந்தார். குட்டிக் குப்பியைத் திருகினார். இந்தக் கண்ணில் ஒன்று, அந்தக் கண்ணில் ஒன்று. மூக்கோரம் இரண்டு விரலையும் வைத்து, நீள முடி இமைகளை மூடிக்கொண்டார்.  யாரோ செல்போனில் பாட்டை நிறுத்தினார்கள்.

மாப்பிள்ளை திரும்பி அப்பாவைப் பார்த்தார். பிறகு நுரை முகத்தோடு அவரும் நன்றாகச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.